பளிச்சக்கா வீட்டைப் பார்க்க வந்தார்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று உண்டு. சம்பளப் பதிவேட்டில் அது பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அந்த ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தில் காவலாளியிலிருந்து மேல்மாடி மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் பளிச்சக்காதான். கூட்டுவதும் துடைப்பதும் அவள் வேலை. துடைத்து முடித்ததும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, போகிறவர் வருகிறவரை நிறுத்தி, "பளிச்சுன்னு இருக்கா இல்லையா? சொல்லிட்டுப் போங்க" என்பாள். சொல்லாமல் நகர முடியாது. ஈரத் தரையில் கால் வைப்பவர்களைத் திட்டுவதில் அவள் ஆள் பார்த்ததில்லை. ஒருமுறை மேலாளரையே, "கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்துவிட்டதால் பிழைத்தாள்.

அந்தக் கட்டடத்தில் மாதத்துக்கு ஒரு நாள் 'பார்வை' என்று ஒன்று நடக்கும். மேற்பார்வையாளர் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உதறுவார். ஜன்னல் விளிம்பு, கதவுச் சட்டத்தின் மேல்பக்கம், குழாயின் முதுகு என்று நாம் கனவிலும் நினைக்காத இடமாகப் பார்த்துத் தேய்ப்பார். கைக்குட்டை கறுத்தால் தீர்ந்தது. அப்படி இரண்டு பேருக்கு ஒரே நாளில் சீட்டு கிழிந்திருக்கிறது. பளிச்சக்கா துடைத்த இடத்தில் பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அது கறுத்ததில்லை. அதற்காக அந்த மனிதர் வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாரா? "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்காக இவள் மாதம் முழுக்க முழங்கால் தேயத் தேய்ப்பாள்.

ஆக, யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் பளிச்சக்காவுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அவள் செய்த காரியத்தைக் கேட்டால், இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

அவளுக்கு ஒரே மகள். புருஷன் இருக்கிறானா என்றால் இருக்கிறான். எங்கே என்றுதான் தெரியாது. ஒட்டுச்சுவராக எட்டு அறைகள் வரிசையாக நிற்கும் ஒரு கட்டடத்தில் கடைசி அறை இவர்களுடையது. வீடு என்று சொல்வது மரியாதைக்காக. வடக்குச் சுவர் வருஷம் முழுக்க ஈரம் காக்கும். அதில் சாத்தி வைத்தால் புத்தகம் பூஞ்சை பிடிக்கும், துணி நாறும். மழை வந்தால் பாயை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டு மகளைப் படுக்க வைத்துவிட்டு, அம்மாக்காரி வாசற்படியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். மகள் படிப்பது மாடிப்படியில். மொட்டை மாடியில் துணி காயப்போட எட்டு வீட்டுக்காரர்களும் ஏறி இறங்கும் படி அது. யாராவது வந்தால் புத்தகத்தை மடியில் இடுக்கிக்கொண்டு ஒதுங்குவாள். அப்படி ஒதுங்கி ஒதுங்கிப் படித்தே பள்ளியில் முதலாவதாக வந்தாள். அந்தச் சுவர் ஏன் காய மாட்டேன் என்கிறது என்று சின்ன வயதிலிருந்து குடைந்து குடைந்து யோசித்ததில், படித்தால் கட்டடப் பொறியியல்தான் என்று பிடிவாதமாக நின்றாள். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்கு வழியில்லை. ஒரே வழி, ஓர் அறக்கட்டளை கொடுக்கும் உதவித்தொகை. கஷ்டப்படுகிற வீட்டிலிருந்து முட்டி மோதி மேலே வருகிற பிள்ளைகளுக்கு முழுப் படிப்புச் செலவையும் ஏற்றுக்கொள்வார்கள். அது கிடைத்தால் கல்லூரி. இல்லையென்றால் அம்மாவோடு துடைப்பம்.

விண்ணப்பத்தோடு 'என் வீடு' என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். மகள் எழுதினாள். பளிச்சக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "என்னடி எழுதின?" என்று கேட்டதற்கு, "நம்ம வீட்டைப் பத்திதான்மா" என்றாள் மகள். அவ்வளவுதான் பேச்சு.

பத்து நாளில் கடிதம் வந்தது. வருகிற சனிக்கிழமை காலை வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வருவார். மகளுக்கு அன்றைக்குப் பள்ளியில் மதிப்பெண் சான்றிதழ் கொடுக்கிறார்கள். கிளம்புகிறபோது அவள் தெளிவாகத்தான் சொன்னாள். "அம்மா, வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். எதையும் தொடாதே."

"சரி சரி, நீ போய் வாங்கிட்டு வா."

தொடாதே என்றால் தொடாமல் இருப்பாளா? பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைப் போட்டது போட்டபடி காட்டுவதாவது! மகள் சின்னப் பெண், உலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நாளைக்கு முன்பே மேற்பார்வையாளரிடம் பல்லைக் காட்டி, மின்தூக்கி வராந்தாவுக்கு அடித்ததில் மிச்சமான அரை டப்பா பெயிண்ட்டை வாங்கி, பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் ஒளித்து வைத்திருந்தாள். வாசனையில்லாமல் கால் மணி நேரத்தில் காய்ந்து, பிறகு தண்ணீரே பட்டாலும் அசையாத ரகம். மகள் தெருமுனை தாண்டினாளோ இல்லையோ, வேலை தொடங்கியது. பூஞ்சையைச் சுரண்டி, துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, வடக்குச் சுவருக்கு இரண்டு பூச்சு. சுவர் புதுமணப்பெண் மாதிரி நின்றது.

தையல்காரியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நல்ல மனசுக்காரி. புருஷன் கப்பலில் வேலை பார்த்தான். பார்த்த காலத்தில் பிரிட்ஜ், மெத்தை வைத்த இரண்டு நாற்காலி, மேஜை விசிறி, பூப்போட்ட திரை என்று வாங்கிப் போட்டான். ஒரு வருஷமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சாமான்தான் மிச்சம். அவளுக்கும் ஒரு மகள். பளிச்சக்காவின் மகளோடு ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். படிப்பு சுமார்தான் என்றாலும் பள்ளியில் எல்லோருக்கும் கொடுத்த படிவத்தை அவளும் நிரப்பி அனுப்பியிருந்தாள். அவர்கள் வீட்டுக்கு அதிகாரி வருவது திங்கட்கிழமை என்று கடிதம்.

"அக்கா, வர்றவங்க உட்கார என்ன இருக்கு உங்க வீட்ல?" என்று கேட்டவள் தையல்காரிதான்.

"என்ன இருக்கு? நான்தான் இருக்கேன், என் மடியிலயா உட்காருவாங்க?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு நாற்காலிகள் வந்தன. நாற்காலிக்குப் பின்னால் விசிறி, திரை. எதிர்வீட்டுப் பையன்கள் இருவர் பிடிக்க, கடைசியாகப் பிரிட்ஜும் வந்தது. "மத்தியானம் திருப்பிக் கொடுத்தா போதும்கா. நம்ம பொண்ணு நல்லா வரட்டும்" என்றாள் தையல்காரி. வஞ்சகமே இல்லாமல் சொன்னாள். அதில் சந்தேகம் வேண்டாம்.

அதிகாரி பத்தரை மணிக்கு வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, மெலிந்த பெண். கையில் அட்டை, அட்டையில் படிவம். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். பளிச்சக்கா பிரிட்ஜைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். கதவை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் திறந்து வைத்தாள்.

"பிரிட்ஜ் உங்களுதா?"

வந்த விருந்தாளியிடம் போய், இரவல் சாமானில் உட்கார வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "ஆமாங்க, எங்களுதுதான்" என்றாள்.

"நாற்காலி, விசிறி?"

"எல்லாம் எங்களுதுதான் மேடம்."

அதிகாரி எழுந்து சுவரருகே போனார். "வடக்குச் சுவர் எப்பவும் ஈரமா இருக்கும், புத்தகமெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்குன்னு உங்க பொண்ணு எழுதியிருக்காளே?"

பளிச்சக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டு அழுக்கைப் போய் ஊராருக்கு எழுதியிருக்கிறாளே கழுதை! சமாளித்துக்கொண்டு சிரித்தாள். "அதெல்லாம் எந்தக் காலத்துக் கதையோ மேடம். சின்னப் பொண்ணு, ஏதோ எழுதியிருக்கும். நீங்களே பாருங்க, எப்படிப் பளிச்சுன்னு இருக்கு!"

அதிகாரி விரலால் சுவரைத் தடவினார். ஜன்னல் விளிம்பையும் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. படிவத்தில் கடகடவென்று எழுதினார். எழுத எழுத, ஒவ்வொரு கோடும் தன் மகளுக்கு விழுகிற மதிப்பெண் என்றே இவள் பூரித்துப் போனாள். இந்தப் பாவிக்கு அப்போது யாராவது ஓங்கி ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா!

வாசலுக்கு வந்த அதிகாரி, கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "பக்கத்து வீடும் என் பட்டியல்ல இருக்கு. திங்கட்கிழமை மறுபடி எதுக்கு வரணும், இப்பவே பார்த்துடறேன்" என்று தையல்காரி வீட்டுக்குள் நுழைந்தார். அங்கே என்ன இருந்தது? பிரிட்ஜ் நின்ற இடத்தில் சதுரமாக ஒரு தடம். திரையில்லாத ஜன்னல். வெயிலில் வியர்த்துக்கொண்டு, வெறுந்தரையில் உட்கார்ந்து துணியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். அதிகாரி அவளோடு தரையில் உட்கார்ந்தார். அங்கேயும் நிறைய எழுதினார்.

மூன்று வாரம் கழித்து இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. தையல்காரியின் மகளுக்குக் கிடைத்துவிட்டது.

பளிச்சக்காவின் மகள் தன் கடிதத்தை வாசற்படியில் நின்றே சத்தமாகப் படித்தாள். விண்ணப்பத்தில் எழுதியதும் நேரில் கண்டதும் பொருந்தவில்லை. பொய்த் தகவல் தந்ததால் விண்ணப்பம் தள்ளப்படுகிறது. மற்ற அறக்கட்டளைகளுக்கும் இது தெரிவிக்கப்படும். படித்து முடித்தவள் அழவில்லை. உள்ளே போய், தான் எழுதிய 'என் வீடு' நகலை எடுத்து வந்து, அம்மாவை உட்கார வைத்து, வரி விடாமல் படித்துக் காட்டினாள். சுவர் வந்தது, பூஞ்சை வந்தது, மாடிப்படி வந்தது. "மழை பெய்கிற நாட்களில் என் அம்மா வாசற்படியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். காலையில் அவளால் காலை நீட்ட முடியாது. ஆனாலும் வேலைக்குப் போவாள்" என்பதும் வந்தது.

அதைக் கேட்டுப் பளிச்சக்கா என்ன செய்தாள் தெரியுமா? மகளை அறைந்தாள். "இதையெல்லாமாடி ஊருக்கு எழுதுவ? நான் பிச்சைக்காரியா?" என்று கத்தினாள். கை வலித்த பிறகுதான், தான் கெடுத்தது எது என்று உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஓடினாள்.

வீட்டைப் பார்க்க வந்திருந்த அந்தக் கண்ணாடிக்காரம்மா குரலை உயர்த்தவே இல்லை. "நானும் இதே உதவித்தொகையில படிச்சவதான். எங்க வீட்டைப் பார்க்க வந்தவங்களை உட்கார வைக்க ஒரு பலகைகூட இல்ல. எங்கம்மா வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னாங்க. உங்க வீட்ல நான் மெத்தையில உட்கார்ந்து குளிர்ந்த தண்ணி குடிச்சேன்."

"அதெல்லாம் பக்கத்து வீட்டுச் சாமான் மேடம்! தையல்காரிகிட்ட இரவல் வாங்கினது!"

"உங்களுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டு தடவை சொன்னீங்க." அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அது அவங்க சாமான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மறுபடியும் பார்க்கலாம்."

ஒரே ஒரு கையெழுத்து! பளிச்சக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரே தையல்காரி வீட்டுக்கு வந்தாள். பிரிட்ஜ் பழைய இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னாள். தையல்காரி ஊசியில் நூலைக் கோர்த்தபடியே இருந்தாள். கோர்த்து முடித்தும் நிமிரவில்லை.

"நான் கையெழுத்துப் போட்டா, எம் பொண்ணோடது போயிடும்கா."

"போகாதுடி. அவங்க நல்லவங்கதான்."

"நல்லவங்கதான். பிரிட்ஜ் வச்சிருக்கிறவளுக்கு எப்படிக் கொடுத்தோம்னு கேட்க மாட்டாங்களா? என் புருஷன் உயிரோட இருக்கானான்னே எனக்குத் தெரியல. எனக்கு மட்டும் வேற என்ன இருக்கு, சொல்லுங்க."

அதோடு விட்டிருக்கலாம். காலைப் பிடித்திருந்தால்கூட ஒருவேளை மனசு இளகியிருக்குமோ என்னவோ. பளிச்சக்காவின் வாய் அப்படிப்பட்டதா? "எம் பொண்ணு எங்க, உம் பொண்ணு எங்க! எம் பொண்ணைப் பார்த்துக் காப்பியடிச்சுத்தானடி உம் பொண்ணு பாஸே பண்ணினா! அந்தத் தத்திக்குப் போய்க் காலேஜா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். தத்தி அப்போது சமையல் மேடை அருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தையல்காரி வரமாட்டாள் என்றானதும் பளிச்சக்கா தனியாகவே மறுபடி அலுவலகத்துக்குப் போய், கண்ணாடிக்காரம்மாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நேர்ல வந்து பாருங்க மேடம். அவ வீட்லதான் எல்லாம் இருக்கு. நான் பொய் சொன்னா என் நாக்கு அழுகட்டும்." கடைசியில் அவர், வருகிற புதன்கிழமை மாலை வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

அந்தச் செய்தி ஒட்டுச்சுவர் வழியாகப் போகாமல் இருக்குமா? செவ்வாய்க்கிழமை ஒரு தள்ளுவண்டி வந்தது. தையல்காரியின் தம்பிக்குக் கடை ஒன்று உண்டு. பிரிட்ஜ், நாற்காலி, விசிறி, திரை எல்லாம் பட்டப்பகலில் வண்டியேறி அங்கே போயின. பளிச்சக்கா அப்போது ஒன்பது மாடிக் கட்டடத்தில் கழிவறை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை இவள் எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, பூஞ்சை பிடித்த புத்தகம், எல்லாம் போட்டது போட்டபடி. கண்ணாடிக்காரம்மா உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார்.

"போன தடவை இருந்த சாமானெல்லாம் எங்கே?"

"அதான் சொன்னேனே மேடம், பக்கத்து வீட்ல."

பக்கத்து வீட்டில் சதுரத் தடம் மட்டும்தான் இருந்தது. தையல்காரி வாசலில் நின்றபடி, "எங்ககிட்ட ஏதுங்க பிரிட்ஜ்? அது அக்காவோடதுதான்" என்றாள்.

"அடிப்பாவி! நீ நல்லா இருப்பியா?" என்று பாய்ந்தவளை அதிகாரி கையால் தடுத்தார். தையல்காரியின் மகளைப் பார்த்து, "நீ படிச்ச பொண்ணு. நீ சொல்லும்மா. அது யாரோடது?" என்று கேட்டார்.

பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரியின் மகள் பார்வையைப் பளிச்சக்காவிடம் திருப்பினாள். "அவங்களோடதுதான் மேடம். அவங்களே உங்ககிட்ட சொன்னாங்களே" என்றாள்.

பளிச்சக்கா வீட்டுக்குள் ஓடினாள். காய்கறி வெட்டும் கத்தியை எடுத்து வடக்குச் சுவரைச் சுரண்டினாள். "வாங்க மேடம், உள்ள ஈரம் இருக்கு! பூஞ்சை இருக்கு! தொட்டுப் பாருங்க!" அந்தப் பெயிண்ட் லேசில் உரிகிற ரகமா? கத்தி வழுக்கியது. கத்தியைப் போட்டுவிட்டு நகத்தால் பிராண்டினாள். பூச்சு உரியவில்லை, நகம் பிய்ந்தது. மின்தூக்கி வராந்தாவின் வெளிர்மஞ்சளில் ரத்தம் இழுபட்டது. கண்ணாடிக்காரம்மா இரண்டு அடி பின்னால் போனார்.

"சாமானை ஒளிச்சு வச்சதும் போதும், சுவரைச் சுரண்டினதும் போதும். இந்த நாடகத்தையெல்லாம் நான் நிறையப் பார்த்திருக்கேன். உங்க பொண்ணு உங்ககிட்டயிருந்துதான் பொய் கத்துக்கிட்டிருக்கா" என்றார். அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை.

இரவல் கொடுத்தவளின் குலத்தையே இழுத்துப் பளிச்சக்கா சாபம் விட்டுக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்: "பக்கத்து வீட்டுச் சித்தியைத் திட்டாதேம்மா. 'எங்களுதுதான்'னு முதல்ல சொன்னது நீதான். எதையும் தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் போனேன்." அவள் அதை ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு வாழ்நாளில் சொல்லவில்லை. தினமும் சொல்லித் திட்டியிருந்தால் பளிச்சக்காவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லூரியில் சேரும் தேதி வந்தது, போனது. மகள் மேலும் நான்கு இடத்துக்கு எழுதிப் போட்டாள். நான்கிலும் பெயரைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பினார்கள். தையல்காரியின் மகள் பெட்டியோடு விடுதிக்குக் கிளம்பிய மறுவாரம், பிரிட்ஜ் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அது உறுமுவது இந்தப் பக்கம் கேட்கும். வடக்குச் சுவர் மட்டும் அந்த வருஷம் ஒரு பொட்டு ஈரம்கூடக் காட்டாமல் பளிச்சென்று நின்றது.

மகளுக்கு ஒன்பது மாடிக் கட்டடத்தில் வேலை கேட்டவள் பளிச்சக்காவேதான். ஆறாவது மாடி கொடுத்தார்கள். பிடிவாதக்காரி அல்லவா, துடைக்க வேண்டும் என்றானதும் அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டாள். மாதம் முடிந்தது, பார்வை வந்தது. மேற்பார்வையாளர் கைக்குட்டையை உதறி, அவள் துடைத்த ஜன்னல் விளிம்பைத் தேய்த்தார். கதவுச் சட்டத்தின் மேல்பக்கம், குழாயின் முதுகு, ஒன்றையும் விடவில்லை. பக்கத்தில் வாளியோடு நின்ற பளிச்சக்கா, கறுக்கட்டும், கறுக்கட்டும், இவளுக்கும் சீட்டைக் கிழித்து வெளியே தள்ளட்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கைக்குட்டையை அவர் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். அப்படியே வெள்ளையாக இருந்தது. பதினான்கு வருஷமாக "ம்" என்பதைத் தாண்டாத மனிதர் முகமெல்லாம் சிரித்தார். "அடடா! உங்கம்மா கை அப்படியே வந்திருக்கேம்மா உனக்கு!" என்றார்.

"நன்றி சார்" என்றாள் மகள். பளிச்சக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.